துப்பாக்கிக் கடையில் வசூலாகும் விற்பனை வரியைப் பாதுகாப்புக்குத் திருப்புவது எப்படி

ஆறு சதவீத விற்பனை வரி உள்ள ஓர் அமெரிக்க மாநிலத்தில் 600 டாலருக்கு ஒரு கைத்துப்பாக்கி விற்றால், 36 டாலர் மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. சட்டை, பிரிட்ஜ், சைக்கிள் என்று எல்லாவற்றின் வரியோடும் அது கலந்துவிடும். அதற்குப் பிறகு அது கடலில் கரைத்த பெருங்காயம். அந்த 36 டாலரை அடையாளம் கண்டு, தனி நிதியில் போட்டு, துப்பாக்கி உள்ள வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டியாகவும் ஆலோசனையாகவும் திருப்பிக் கொடுக்கும் சட்டத்தை எப்படி எழுதுவது, எழுதிய பின் எப்படி நடத்துவது என்பதே இங்கே விஷயம். சட்டமன்ற உறுப்பினர்களின் அலுவலகத்தில் வேலை செய்பவர்கள், மாவட்டப் பொதுச் சுகாதாரத் துறையினர், மசோதாவுக்காக அலையும் பொதுநல அமைப்பினர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது.

தேவையைப் பற்றி ஒரு பத்தி போதும். 2022-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,204 பேர். அதில் 27,032 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், அதாவது பாதிக்கு மேல். துப்பாக்கியால் நடக்கும் தற்கொலை முயற்சியில் பத்தில் ஒன்பது உயிரைப் பறித்துவிடுகிறது. நெருக்கடியான அந்தச் சில நிமிடங்களுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே ஒரு பூட்டு இருந்தால் உயிர் மிஞ்சக்கூடும். பணம் போக வேண்டிய முதல் இடம் அதனால்தான் பூட்டு.

புதிய வரியா, இருக்கும் வரியா?

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் மசோதா முதல் குழுவிலேயே படுத்துவிடும்.

முதல் வழி, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் மட்டும் தனிக் கலால் வரி போடுவது. கலிபோர்னியா 2023-ல் இயற்றிய ஏபி 28 சட்டம் இந்த வகை. 2024 ஜூலை 1 முதல் துப்பாக்கி, அதன் முன்னோடிப் பாகங்கள் (முழுத் துப்பாக்கியாக முடிக்கக்கூடிய பாதி செய்த பாகங்கள்), தோட்டா ஆகியவற்றின் சில்லறை விற்பனையில் 11 சதவீதம். ஒரு காலாண்டில் 5,000 டாலருக்கும் குறைவாக விற்கும் கடைக்கு விலக்கு உண்டு. வசூலில் முதல் 7.5 கோடி டாலர் கால்விப் எனப்படும் வன்முறைத் தடுப்பு மானியத்துக்கும், அடுத்த 5 கோடி பள்ளிப் பாதுகாப்புக்கும் போகும். கொலராடோவில் 2024 நவம்பரில் வாக்காளர்கள் கேகே என்ற முன்மொழிவை ஏற்றார்கள். அதன்படி 2025 ஏப்ரல் 1 முதல் 6.5 சதவீதம். முதல் 3 கோடி டாலர் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான சேவைக்கு, அடுத்த 50 லட்சம் முன்னாள் படைவீரர்களின் மனநலத்துக்கு, பிறகு 30 லட்சம் இளைஞர் நெருக்கடிச் சேவைக்கு, கடைசி 10 லட்சம் பள்ளிப் பாதுகாப்புக்கு.

இந்த வழியில் பணம் நிறைய வரும், வழக்கும் கூடவே வரும். ஓர் அரசியல் சாசன உரிமையை மட்டும் குறிவைத்து வரி போடலாமா என்ற கேள்வி பழையது. பத்திரிகைத் தாள், மை மீது மின்னசோட்டா போட்ட தனி வரியை 1983-ல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைத் தரும் சாசனத்தின் இரண்டாம் திருத்தத்துக்கும் அதே வாதத்தை நீட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது வழி, எல்லாப் பொருளுக்கும் பொதுவாக இருக்கும் விற்பனை வரியில் துப்பாக்கியிலிருந்தும் தோட்டாவிலிருந்தும் வந்த பங்கை மட்டும் பிரித்து ஒதுக்குவது. வாங்குபவர் ஒரு காசு கூடுதலாகக் கொடுப்பதில்லை, வரி யாரையும் குறிவைப்பதும் இல்லை. மாறுவது செலவு மட்டுமே. எங்கள் பரிந்துரை இதுதான். குறிப்பாக, வேட்டைக்காரர்கள் நிறைந்த மாநிலங்களில் இரு கட்சி வாக்கும் கிடைக்க வாய்ப்புள்ள ஒரே வடிவம் இது.

துப்பாக்கி உரிமையாளர்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. 1937-ன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி கூட்டாட்சி அரசு தயாரிப்பாளர், இறக்குமதியாளரிடம் நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம் வாங்கி, வனவிலங்குப் பராமரிப்புக்கும் வேட்டைப் பயிற்சி வகுப்புக்கும் கொடுக்கிறது. வேட்டைக்காரர்கள் பெருமையோடு சொல்லும் வரி அது. குழு விசாரணையில் உங்கள் பேச்சை அதிலிருந்தே தொடங்குங்கள்.

உங்கள் மாநிலத்தில் ஒதுக்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

மசோதா எழுதும் முன் ஒரு நாள் செலவிட்டு மாநில வரிச் சட்டத்தின் பங்கீட்டுப் பிரிவைப் படியுங்கள். பலர் இதைச் செய்யாமல் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஓரிகன், மான்டானா, நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர் ஆகிய நான்கிலும் விற்பனை வரியே கிடையாது. அலாஸ்காவில் மாநில அளவில் இல்லை, உள்ளாட்சிகள் மட்டுமே வசூலிக்கின்றன. மேற்கு வர்ஜீனியா 2021 ஜூலை முதல் சிறு ஆயுதங்களுக்கும் தோட்டாவுக்கும் விற்பனை வரி விலக்குக் கொடுத்துவிட்டது. மிசிசிப்பியில் ஆண்டுக்கு ஒரு வார இறுதியில் துப்பாக்கிக்கு வரி விடுமுறை. வாங்க நினைப்பவர்கள் அந்த நாட்களுக்குக் காத்திருப்பார்கள் என்பதால் அங்கே கணிப்பைக் குறைத்தே போட வேண்டும்.

வரி இருந்தாலும் அது முழுவதும் சட்டமன்றத்தின் கையில் இருக்காது. கலிபோர்னியாவின் அடிப்படை விகிதம் 7.25 சதவீதம். அதில் 1.25 உள்ளாட்சிக்கு. மீதி 6-ல் அரை சதவீதம் 1993-ன் 172-ஆம் முன்மொழிவுப்படி உள்ளூர்ப் பொதுப் பாதுகாப்புக்கு, இன்னொரு அரை சதவீதமும் 1.0625 சதவீதமும் இரண்டு உள்ளாட்சி வருவாய் நிதிகளுக்கு ஏற்கெனவே எழுதி வைத்தாயிற்று. பொது நிதிக்கு வருவது 3.9375 மட்டும். நீங்கள் கை வைக்க முடிந்தது அதில்தான். மிச்சிகனில் நிலைமை இன்னும் இறுக்கம். ஆறு சதவீத வரியில் இரண்டு முழுமையாகவும், மீதி நாலில் 60 சதவீதமும் அரசியல் சாசனப்படி பள்ளிகளுக்கு. நூறு டாலர் வரியில் 73 டாலருக்கு மேல் பள்ளியுடையது. “துப்பாக்கி வரி முழுவதும்” என்று அங்கே எழுதினால் பள்ளிக்கூடங்களே உங்கள் எதிரிகளாகிவிடும்.

மூன்றாவது தடை, தனி ஒதுக்கீட்டையே தடுக்கும் சாசனம். அலாஸ்காவில் அது தடை செய்யப்பட்டது. ஜார்ஜியாவில் 2020 நவம்பரில் வாக்காளர்கள் சாசனத் திருத்தத்தை ஏற்ற பிறகே சட்டமன்றம் வருவாயை ஒரு நோக்கத்துக்குக் கட்டிப்போட முடிகிறது. அதுவும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு, அதிகபட்சம் பத்து ஆண்டுக்கு.

இந்தத் தடைகளைத் தாண்ட ஒரு வரைவு நுட்பம் இருக்கிறது. “துப்பாக்கியில் வசூலான வரி இந்த நிதிக்குச் செல்லும்” என்று எழுதாதீர்கள். “துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலான மாநில விற்பனை வரிக்குச் சமமான தொகை பொது நிதியிலிருந்து இந்த நிதிக்கு மாற்றப்படும்” என்று எழுதுங்கள். வசூலான அதே பணத்தைத் துரத்த வேண்டியதில்லை, பள்ளியின் பங்கும் நகரின் பங்கும் தொடப்படாது, கணக்கும் எளிது.

எவ்வளவு வந்தது என்று எப்படித் தெரியும்?

இந்த வேலையில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுவே. விற்பனை வரிப் படிவத்தில் கடைக்காரர் எழுதுவது மொத்த விற்பனை, விலக்கு, வரிக்குட்பட்ட விற்பனை, அவ்வளவுதான். எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்ற விவரம் அதில் இல்லை. ஒரு பெரிய விளையாட்டுப் பொருள் கடை கூடாரம், காலணி, மீன்பிடித் தூண்டில், தோட்டா எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் காட்டிவிடும்.

இதற்கு டெக்சஸில் நல்ல முன்மாதிரி உண்டு. அங்கே விளையாட்டுப் பொருட்களின் விற்பனை வரிக்கு ஈடான தொகை மாநிலப் பூங்காக்களுக்கும் வரலாற்றுத் தலங்களுக்கும் போகிறது. 1993-ல் தொடங்கிய ஏற்பாடு. ரசீது ரசீதாக எண்ணுவதில்லை. கணக்குத் துறை புள்ளிவிவரங்களை வைத்து மதிப்பிடுகிறது. ஆனால் பல ஆண்டுகள் சட்டமன்றம் அந்தத் தொகையில் ஒரு பகுதியை மட்டுமே பூங்காக்களுக்கு விட்டது, மீதியைப் பட்ஜெட்டைச் சரிக்கட்ட வைத்துக்கொண்டது. 2019 நவம்பரில் 5-ஆம் முன்மொழிவாகச் சாசனத்திலேயே எழுதிய பிறகுதான் ஓட்டை அடைந்தது. மதிப்பீட்டு முறை சரியாக இருந்தாலும் நிதியின் பூட்டு சரியில்லையென்றால் பணம் வராது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நம் ஊர் வாசகர்களுக்கு இது பழகிய சங்கதிதான். இந்தியாவில் செஸ் என்று வசூலிப்பதும் இதே எண்ணம். 2018–19-ல் 35 செஸ்களில் வந்த சுமார் 2.75 லட்சம் கோடி ரூபாயில் உரிய நிதிகளுக்கு மாற்றியது சுமார் 1.64 லட்சம் கோடி மட்டுமே என்று மத்தியத் தணிக்கை அலுவலகம் எழுதியது. மாற்று என்று எழுதினால் போதாது, எந்தத் தேதிக்குள் என்றும் எழுத வேண்டும்.

துப்பாக்கிக்கு நாங்கள் சொல்வது இரண்டு கட்டம். முதல் ஆண்டு மதிப்பீடு, இரண்டாம் ஆண்டு முதல் நேரடிக் கணக்கு.

மதிப்பீட்டுக்குக் கூட்டாட்சிப் பின்னணிச் சோதனை, அதாவது துப்பாக்கி வாங்க வருபவர் தகுதியானவரா என்று பார்க்கும் சோதனையின் எண்ணிக்கை ஒரு கைப்பிடி. ஆனால் சோதனை ஒன்றுக்கு விற்பனை ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. உரிமம் புதுப்பிப்பும் அடகு மீட்பும் அதில் சேரும், ஒரே சோதனையில் இரண்டு துப்பாக்கி விற்பதும் உண்டு. கைத்துப்பாக்கி, நீள்துப்பாக்கி, பல துப்பாக்கி என்ற மூன்று பத்திகளை மட்டும் எடுத்து, உரிமம் சார்ந்த பத்திகளை விட்டுவிடுங்கள். தோட்டா விற்பனைக்குச் சோதனைக் கணக்கு பெரும்பாலான மாநிலங்களில் இல்லை. அங்கே பொருளாதாரக் கணக்கெடுப்பின் பொருள்வாரி விவரமே ஆதாரம்.

நேரடிக் கணக்குக்குக் காலாண்டுப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வி சேருங்கள்: “இதில் துப்பாக்கி, துப்பாக்கிப் பாகம், தோட்டா ஆகியவற்றின் வரிக்குட்பட்ட விற்பனை.” நவீன பில்லிங் மென்பொருளில் பொருட்கள் ஏற்கெனவே பிரிவு வாரியாக இருப்பதால், கடைக்காரருக்கு அது மாத முடிவில் ஓர் அறிக்கை எடுக்கும் வேலை. சிறு கடைக்கு வரம்பு வையுங்கள். அவர்களின் விற்பனையை மதிப்பீட்டிலேயே சேர்த்துக்கொள்ளலாம். படிவத்தை மாற்றவும் மென்பொருளைத் திருத்தவும் வருவாய்த் துறைக்கு ஒரு முழு ஆண்டு கொடுங்கள். ஆறு மாதம் என்று எழுதிய மசோதாவுக்குத் துறையே எதிர்ச் சாட்சி சொல்லும்.

இரண்டு இடங்களில் எண் தப்பும். இணையத்தில் வாங்கிய துப்பாக்கி வீட்டுக்கு வராது, உரிமம் பெற்ற உள்ளூர் கடை வழியாகத்தான் கைமாறும். வரியை வெளிமாநில விற்பனையாளர் காட்டுகிறாரா, உள்ளூர் கடை காட்டுகிறதா என்று சட்டத்தில் சொல்லாவிட்டால் இருவரும் காட்டுவார்கள், அல்லது இருவரும் காட்டமாட்டார்கள். தோட்டா பல மாநிலங்களில் நேராக வீட்டுக்கே வரும். உச்ச நீதிமன்றத்தின் 2018 வேஃபேர் தீர்ப்புக்குப் பிறகு வெளிமாநில விற்பனையாளரிடமும் வரி வாங்க முடியும் என்பதால், அந்தப் புதிய கேள்வி அவர்களின் படிவத்திலும் இருக்க வேண்டும்.

வாங்குபவரின் பெயரை எந்தக் கட்டத்திலும் தொடாதீர்கள். படிவத்தில் மொத்தத் தொகை மட்டும். “இது துப்பாக்கிப் பதிவேட்டின் பின்வாசல்” என்ற குற்றச்சாட்டு நிச்சயம் எழும். “வாங்குபவர் பெயர், முகவரி, துப்பாக்கி வரிசை எண் எதையும் துறை கேட்கவோ சேமிக்கவோ கூடாது” என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தால் அந்த வாதம் அங்கேயே முடியும். அந்த அச்சம் உண்மையானது, மதித்துப் பதில் சொல்ல வேண்டிய ஒன்று.

நிதிக்குப் பூட்டு

நான்கு விஷயங்கள் சட்ட வாசகத்தில் இருந்தே ஆக வேண்டும். காலாண்டு முடிந்து 60 நாளுக்குள் மாற்றம். ஆண்டு முடிவில் செலவாகாத பணம் பொது நிதிக்குத் திரும்பாது என்ற வரி. வட்டியும் அதே நிதிக்கே என்ற வரி. ஏற்கெனவே நடக்கும் திட்டத்தின் பணத்தை எடுத்துக்கொண்டு இதை அந்த இடத்தில் வைக்கக் கூடாது என்ற வரி. கடைசியானதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் சுகாதாரத் துறையின் பழைய தற்கொலைத் தடுப்பு ஒதுக்கீடு சத்தமில்லாமல் குறைந்து, புதிய நிதி அந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருக்கும். அடிப்படை ஆண்டு ஒன்றைக் குறிப்பிட்டு, “அந்த ஆண்டின் ஒதுக்கீட்டுக்குக் குறையாமல்” என்று எழுதுங்கள்.

நோக்கத்தையும் தெளிவாக எழுதுங்கள். இலினாயின் குக் மாவட்டம் துப்பாக்கிக்கு 25 டாலரும் தோட்டாவுக்குச் சில காசுகளும் தனி வரி போட்டது. 2021-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியபோது முக்கியமாகச் சுட்டிய குறை, வசூலான பணம் துப்பாக்கி வன்முறையின் செலவைக் குறைக்கும் வேலைக்கென்று கட்டப்படவில்லை என்பது. உங்கள் வழியில் புதிய வரி இல்லை என்றாலும் பாடம் ஒன்றே. பணம் எங்கே போகிறது என்பது வாசகத்திலேயே தெரிய வேண்டும்.

இன்னொரு அபாயம், வருவாயின் ஏற்ற இறக்கம். பின்னணிச் சோதனைகள் 2019-ல் சுமார் 2.84 கோடி, 2020-ல் சுமார் 3.97 கோடி. கொள்ளைநோயும் தேர்தலும் சேர்ந்து ஏற்றியது. பிறகு இறங்கியது. 2020 வரவை நம்பி ஆலோசகர்களை நிரந்தர வேலைக்கு எடுத்திருந்தால் மூன்றாம் ஆண்டில் அவர்களை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும். மூன்றாண்டு சராசரியை மட்டும் செலவிட்டு, அதற்கு மேல் வந்ததைக் கையிருப்பில் போடுங்கள். கையிருப்பு ஓராண்டுச் செலவில் பாதியை எட்டும்வரை அதைத் தொடக் கூடாது.

கணிப்பைப் பெருக்கிச் சொல்லாதீர்கள். சியாட்டில் நகரம் 2015-ல் துப்பாக்கிக்கு 25 டாலர், தோட்டா ஒன்றுக்கு 2 அல்லது 5 சென்ட் என்று வரி போட்டபோது ஆண்டுக்கு 3 முதல் 5 லட்சம் டாலர் வரும் என்றார்கள். முதல் ஆண்டில் வந்தது ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியது. ஒரு துப்பாக்கிக் கடை நகர எல்லையைத் தாண்டி இடம் மாறியதும் ஒரு காரணம். வரியை வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2017-ல் ஏற்றது, ஆனால் குறைந்த வசூலே எதிரிகளின் வாயில் அவலாகிவிட்டது. எல்லை தாண்டும் ஆசை மாநிலப் பொது விற்பனை வரியில் எழாது, ஏனென்றால் விலை மாறுவதில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு

எடுத்துக்காட்டாக, ஒரு மாநிலத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் துப்பாக்கி சராசரி 600 டாலருக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 12 கோடி டாலர். தோட்டாவும் பாகமும் 8 கோடி. மொத்தம் 20 கோடி. பொது நிதிக்கு வரும் பங்கு 6 சதவீதம் என்றால் 1.2 கோடி டாலர். கையிருப்புக்கு 10 சதவீதம், நிர்வாகத்துக்கு 5 சதவீதம் போக 1.02 கோடி மிஞ்சும்.

இதில் 40 சதவீதத்தைப் பூட்டுக்கு வையுங்கள்: 40.8 லட்சம் டாலர். பெட்டி ஒன்று 50 டாலர், கொண்டுசேர்க்கும் செலவு 15 டாலர் என்றால் 62,000-க்கு மேற்பட்ட பெட்டிகள். 25 சதவீதம் மருத்துவமனை சார்ந்த வன்முறைத் தடுப்புக்கு, அதாவது குண்டடி பட்டு வருபவரைப் படுக்கையருகிலேயே சந்தித்து, பழிவாங்கலுக்குப் போகாமல் தடுக்கும் பணியாளர்களுக்கு. 20 சதவீதம் மருத்துவர், நெருக்கடி உதவி எண் பணியாளர், துப்பாக்கிக் கடை ஊழியர் ஆகியோரின் பயிற்சிக்கு. 10 சதவீதம் தற்காலிகச் சேமிப்பு இடங்களுக்கு, அதாவது நெருக்கடி நேரத்தில் துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே ஒப்படைத்து வைக்கும் இடங்களுக்கு. மீதி 5 மதிப்பீட்டு ஆய்வுக்கு. கடைசி ஐந்தை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் அதை வெட்டினால் ஐந்தாம் ஆண்டில் திட்டத்தைக் காப்பாற்ற உங்கள் கையில் எண் ஒன்றும் இருக்காது.

துப்பாக்கியைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கும் விழாவுக்கு இதில் பங்கு வைக்கவில்லை. படம் நன்றாக வரும். ஆனால் அமெரிக்க நகரங்களில் நடந்தவற்றால் கொலையோ தற்கொலையோ குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. மூலையில் துருப்பிடித்துக் கிடந்ததைக் கொண்டுவந்து கொடுப்பவர்களே அதிகம்.

எந்தப் பூட்டு?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பணம் வந்த பிறகு வாங்கும் பொருள் வீட்டில் உபயோகப்பட வேண்டும்.

கேபிள் பூட்டுதான் மலிவு, பெரும்பாலான துப்பாக்கிக்கும் பொருந்தும். கொடுக்கும்போது செய்தே காட்டுங்கள். அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கியென்றால் முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) கழற்றி வெளியே வையுங்கள். குழல் பாதுகாப்பான திசையில் இருக்க, விரல் டிரிக்கரைத் தொடாமல், மேலே நகரும் உலோகப் பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்துத் திறந்த நிலையில் நிறுத்துங்கள். தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்து வெறுமை என்று உறுதி செய்யுங்கள். பிறகு கேபிளின் நுனியை மேலே உள்ள வெளியேற்று வாயில் வழியாக நுழைத்து, மேகசின் போகும் குழி வழியாகக் கீழே இழுத்து, பூட்டில் செருகித் திருப்புங்கள். ஸ்லைடு இப்போது மூடாது, மேகசினும் ஏறாது. ரிவால்வரென்றால் உருளையை வெளியே தள்ளிக் காலி செய்து, உருளை மூட முடியாதபடி சட்டத்தின் இடைவெளியில் கேபிளைச் சுற்ற வேண்டும். டிரிக்கரை மட்டும் பிடிக்கும் பூட்டு வேறு வகை. தோட்டா ஏற்றிய துப்பாக்கியில் அதை ஒருபோதும் மாட்டக் கூடாது, பூட்டும் அசைவிலேயே டிரிக்கர் அழுந்தலாம்.

கேபிளின் குறை என்ன? மெல்லிய கம்பியை வெட்டும் கருவி எந்தப் பட்டறையிலும் உண்டு. சிறு பிள்ளையைத் தடுக்கும், உறுதியான பதினாறு வயதுப் பையனையோ திருடனையோ தடுக்காது. அதைவிடப் பெரிய குறை, தற்காப்புக்கென்று துப்பாக்கி வைத்திருப்பவர் அதை மாட்டவே மாட்டார். இன்னொன்று, கூட்டாட்சிச் சட்டப்படி 2006 முதல் உரிமம் பெற்ற கடையில் வாங்கும் கைத்துப்பாக்கியோடு ஏதாவது ஒரு பூட்டு கட்டாயம் கொடுக்கப்படுகிறது. அதனால் பல வீடுகளின் மேசை இழுப்பறையில் பிரிக்காத கேபிள் பூட்டு ஏற்கெனவே கிடக்கிறது. நீங்கள் கொடுப்பதும் அதனோடு சேர்ந்து தூங்கும்.

அதனால்தான் பெட்டியும் அலமாரியும். அலாஸ்காவின் ஆறு கிராமங்களில் 255 வீடுகளில் உலோகத் துப்பாக்கி அலமாரியைக் கொடுத்துப் பொருத்தியும் வைத்த ஆய்வு 2012-ல் வெளியானது. தொடக்கத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட வீடுகளில் பூட்டாத துப்பாக்கி இருந்தது. ஓராண்டுக்குப் பின் அலமாரி முதலில் பெற்ற வீடுகளில் அது 35 சதவீதமாக இறங்கியது. இன்னும் பெறாதவர்களிடம் 89. கொடுத்ததோடு நிற்காமல் வீட்டுக்கே வந்து பொருத்தியதுதான் வித்தியாசம் என்பது எங்கள் கணிப்பு.

கொள்முதல் ஆணையில் எழுத வேண்டியவை: இளையோர் திறக்க முடியாமைக்கான ஏஎஸ்டிஎம் எஃப்2456 தரச் சோதனைச் சான்று. கைத்துப்பாக்கிப் பெட்டிக்கு உள்ளளவில் குறைந்தது 9 அங்குல நீளம். நீள்துப்பாக்கி அலமாரிக்கு உள் உயரம் குறைந்தது 52 அங்குலம், 28 அங்குலக் குழல் கொண்ட வேட்டைத் துப்பாக்கியும் தாராளமாக நிற்க வேண்டும். சுவரில் அறைய ஸ்க்ரூக்களும் துளைகளும் பெட்டியோடே வர வேண்டும். அமெரிக்க வீட்டுச் சுவரின் மரச் சட்டங்கள் வழக்கமாக 16 அங்குல இடைவெளியில் இருக்கும், துளை அதற்குப் பொருந்த வேண்டும். வாடகை வீட்டுக்காரர் சுவரில் துளைக்க முடியாது, அவர்களுக்குக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கட்டும் எஃகுக் கம்பி தேவை. மொத்தமாக வாங்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே சாவி வரும் வகையும் உண்டு, “ஒவ்வொன்றுக்கும் வேறு சாவி” என்று எழுத மறக்காதீர்கள்.

கைரேகைப் பெட்டியில் கவனம். 2023 அக்டோபரில் கூட்டாட்சி நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சுமார் 61,000 கைரேகைப் பெட்டிகள் திரும்பப் பெறப்படுவதாக அறிவித்தது. 12 வயதுச் சிறுவன் ஒருவனின் மரணத்தை ஒட்டிய வழக்கும் அந்த அறிவிப்பில் இருந்தது. குறை இதுதான்: உரிமையாளர் தன் கைரேகையைப் பதிவு செய்துவிட்டதாக நினைப்பார், ஆனால் கருவி தொழிற்சாலை நிலையிலேயே இருக்கும். அந்த நிலையில் யார் விரல் வைத்தாலும் திறக்கும். நாங்கள் மின்கலம் இல்லாத, இயந்திரப் பொத்தான் எண் பூட்டையே சொல்வோம். கைரேகைதான் வேண்டும் என்றால், பதிவு செய்த பின் பதிவு செய்யாத இன்னொருவர் விரல் வைத்துத் திறக்கவில்லை என்று பார்த்த பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

யார் கொடுப்பது?

காவல் நிலைய மேசையில் அடுக்கி வைத்தால் போகாது. துப்பாக்கிக் கடை, குழந்தைகள் மருத்துவமனை, வேட்டைப் பயிற்சி வகுப்பு, முன்னாள் படைவீரர் சங்கம் என்று ஏற்கெனவே நம்பிக்கை உள்ள இடங்களில் கொடுங்கள். பெயர் கேட்க வேண்டாம். அஞ்சல் குறியீடு, வீட்டில் 18 வயதுக்குட்பட்டோர் உண்டா, இப்போது எப்படி வைத்திருக்கிறீர்கள் என்ற மூன்று கேள்வி போதும். விரும்பினால் ஒரு தொலைபேசி எண், ஆறு மாதம் கழித்துக் கேட்க. “பெட்டி எங்கே இருக்கிறது, இன்று பூட்டியிருக்கிறதா?” என்பதே அந்த அழைப்பின் முழு உள்ளடக்கம்.

தற்காலிகச் சேமிப்புக்கு ஒரு சட்ட முடிச்சு உண்டு. மனம் நொந்திருக்கும் அண்ணனின் துப்பாக்கியைத் தம்பி எடுத்து வைத்தால், எல்லாக் கைமாற்றத்துக்கும் பின்னணிச் சோதனை கேட்கும் மாநிலங்களில் அதுவே குற்றமாகலாம். கடையில் ஒப்படைத்தாலும் திரும்பக் கொடுக்கும்போது கடைக்காரர் சோதனை செய்ய வேண்டியிருக்கலாம், பொறுப்பு வழக்குக்கும் அஞ்சுவார். எனவே நிதியை உருவாக்கும் அதே மசோதாவில், தற்கொலையைத் தடுக்கும் தற்காலிகக் கைமாற்றத்துக்கு விலக்கும், நல்லெண்ணத்தோடு பெற்றுக்கொள்ளும் கடைக்குப் பொறுப்புப் பாதுகாப்பும் சேருங்கள். இந்த இரண்டு பிரிவுக்கும் செலவு ஒரு காசு இல்லை.

கூடவே பெட்டிக்கும் பூட்டுக்கும் விற்பனை வரி விலக்குச் சேர்க்கலாம். வாஷிங்டன், நியூ ஜெர்சி, டென்னசி ஆகிய மாநிலங்களில் ஏற்கெனவே உண்டு.

கால அட்டவணை

பெரும்பாலான மாநிலச் சட்டமன்றங்கள் ஜனவரியில் கூடுகின்றன. முந்தைய ஆண்டு ஆகஸ்டுக்குள் வருவாய்த் துறையின் சட்டப் பிரிவோடு ஒரு முறையாவது உட்கார்ந்து படிவ மாற்றத்தைப் பேசிவிடுங்கள். செப்டம்பரில் சட்ட வரைவு அலுவலகத்துக்கு வாசகம். அக்டோபரில் பட்ஜெட் அலுவலகத்தின் செலவுக் குறிப்பைக் கேட்டு எழுத்தில் வேண்டுகோள். அந்தக் குறிப்பில் “பொது நிதிக்கு இழப்பு 1.2 கோடி” என்று வரும், வந்தே தீரும். பக்கத்திலேயே வைக்க உங்கள் மாநிலத்தின் துப்பாக்கிக் காய சிகிச்சையில் மெடிக்கெய்ட் (குறைந்த வருமானத்தினருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) செலவழித்த தொகையைச் சுகாதாரத் துறையிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பொதுத் தகவல் கோரிக்கைக்குப் பதில் வரச் சில மாதமாகும் மாநிலங்கள் உண்டு என்பதால், இந்தக் கடிதத்தை மட்டும் ஜூன் மாதமே அனுப்பிவிடுங்கள்.